லிப்யூஎஸ்பி: கேபிளைப் பிடுங்கிச் செருகினால் நிரல் விழுகிறது. டிவைஸ் பாய்ண்டரை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி:
வணக்கம். சி மொழியில், லிப்யூஎஸ்பி 1.0 (யூஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் லைப்ரரி) வைத்து ஒரு சோதனை நிரல் எழுதுகிறேன். மேசையில் நான்கு எஸ்டிஎம்32 (மைக்ரோகண்ட்ரோலர்) போர்டுகள். நான்கும் தயாரிப்பாளர், தயாரிப்பு எண்ணாக 0483:5740 என்றே காட்டும். (ஃபங்ஷன் பெயர்களில் 'லிப்யூஎஸ்பி_' என்ற தொடக்கத்தை விட்டுவிடுகிறேன்.) தொடக்கத்தில் கெட்_டிவைஸ்_லிஸ்ட் அழைத்து, பொருந்தும் பாய்ண்டர்களை என் ஸ்ட்ரக்டில் போட்டுக்கொள்கிறேன். உடனே ஃப்ரீ_டிவைஸ்_லிஸ்ட்(லிஸ்ட், 1). பயனர் பொத்தானை அழுத்தும்போதுதான் ஓப்பன்.

லினக்ஸில் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் ஒரு போர்டைப் பிடுங்கிச் செருகிவிட்டு அழுத்தினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகலால் நிரல் நின்றுபோவது). அதுவும் எல்லாத் தடவையும் இல்லை. 1-ஐ 0 ஆக்கினால் விழுவதில்லை, ஆனால் ஓப்பன் -4 தருகிறது. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன், உதவுங்கள்.

பதில் 1:
நீங்கள் கொடுக்கும் அந்த 1-இல்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு டிவைஸ் ஆப்ஜெக்டும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். பட்டியல் வாங்கும்போது உங்களுக்காக ஒன்று கூடும். 1 என்று சொன்னால் பட்டியலிலுள்ள எல்லா டிவைஸுக்கும் அந்த ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்ஜியமானால் நினைவகம் விடுவிக்கப்படும். உங்கள் ஸ்ட்ரக்டில் இருப்பது வெறும் முகவரி, அதற்குக் கணக்கில் பங்கே இல்லை.

அப்படியானால் லினக்ஸில் ஏன் ஓடியது? ஹாட்பிளக் (செருகுவதையும் பிடுங்குவதையும் உடனே கவனிக்கும் வசதி) ஆதரவு உள்ள இடத்தில், போர்டு செருகியிருக்கும் வரை லைப்ரரியும் ஒரு பிடி வைத்திருக்கும். பிடுங்கியதும் அது விட்டுவிடும், உங்கள் பாய்ண்டர் அந்தரத்தில் தொங்கும். ஹாட்பிளக் இல்லாமல் கட்டிய லைப்ரரியில் முதல் அழுத்தலிலேயே விழுந்திருக்கக்கூடும். இத்தனை நாள் தற்செயலாகத்தான் தப்பித்திருக்கிறீர்கள்.

0 கொடுக்க வேண்டாம், தேவையில்லாத டிவைஸ்களும் விடுபடாமல் தேங்கும். ஸ்ட்ரக்டில் போடும் அதே வரியில் ரெஃப்_டிவைஸ், எடுக்கும் இடத்தில் அன்ரெஃப்_டிவைஸ். லிஸ்டுக்கு 1 அப்படியே இருக்கட்டும். -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் (நினைவகப் பிழைகளைக் காட்டும் கம்பைலர் தேர்வு) போட்டுக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள், எந்த வரி என்று அதுவே காட்டிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அதோடு -4 போகாது. -4 என்றால் சாதனம் இல்லை என்று பொருள். மறுபடி செருகியதும் வருவது புதிய ஆப்ஜெக்ட், பழையது திரும்ப உயிர் பெறாது. ஆகவே -4 வந்தால் பழையதை அன்ரெஃப் செய்து, பட்டியலை மறுபடி வாங்கித் தேடுங்கள்.

நான்கும் ஒரே எண் காட்டுவதால் எதை வைத்துத் தேடுவது? டிவைஸ் அட்ரஸ் வேண்டாம், செருகும்போதெல்லாம் மாறும். கெட்_பஸ்_நம்பர், கெட்_போர்ட்_நம்பர்ஸ் இரண்டையும் சேர்த்தால் எந்தத் துளையில் இருக்கிறது என்று தெரியும், 7 பைட் இடம் போதும். போர்டுகளைத் துளை மாற்றிச் செருகுவீர்கள் என்றால் சீரியல் நம்பர்தான் வழி, அதற்கு ஓப்பன் செய்தாக வேண்டும்.

இன்னொன்று: ஓப்பன் தானாகவே ஒரு பிடி எடுத்துக்கொள்ளும். முடிந்தால் தொடக்கத்திலேயே திறந்து ஹேண்டிலை (ஓப்பன் தரும் பாய்ண்டரை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரெஃப் கணக்கு உங்கள் தலையில் ஏறாது. அப்புறம் கிளெய்ம்_இன்டர்ஃபேஸ் -6 தந்தால் பயப்படாதீர்கள், கர்னலின் சிடிசி டிரைவர் (போர்டை சீரியல் போர்ட்டாகக் காட்டுவது) பிடித்திருக்கும். முன்னாலேயே செட்_ஆட்டோ_டிடாச்_கர்னல்_டிரைவர் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
ரெஃப் சேர்த்ததும் விழுவது நின்றுவிட்டது, போர்ட் வழியாகத் தேடுவதும் வேலை செய்கிறது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் இப்போது எக்ஸிட் நேரத்தில் ஒரு டிவைஸ் இன்னும் பிடியில் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது.

பதில் 1:
எங்கோ ஒரு ரெஃப்புக்கு ஜோடி இல்லை. பிழை வந்தால் நடுவிலேயே ரிட்டர்ன் ஆகும் இடங்களைப் பாருங்கள். மூடும் வரிசை: ரிலீஸ்_இன்டர்ஃபேஸ், குளோஸ், அன்ரெஃப், கடைசியில்தான் எக்ஸிட்.

கேட்டவர்:
அதேதான். கிளெய்ம் தோற்றால் குளோஸ் இல்லாமலே ரிட்டர்ன் செய்திருந்தேன். ஒரு வரி சேர்த்தேன், எச்சரிக்கை போய்விட்டது.