பெயரின் முதல் எழுத்தை எடுத்தால் எல்லோரும் 'க' ஆகிவிடுகிறார்கள்

கேள்வி (புதுநிரலி):
ரியாக்டில் (வலைப்பக்கம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு சங்கத்துக்கான உறுப்பினர் பட்டியல் செய்கிறேன். படம் இல்லாதவர்களுக்கு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து வர வேண்டும். சார்அட் போட்டு முதல் எழுத்தை எடுத்தால் கீதா, கோபால், கௌரி மூவருக்கும் வெறும் 'க' தான் வருகிறது. இடம் போதாத இடத்தில் ஸ்லைஸ் வைத்து ஏழில் வெட்டினால் செந்தில் புள்ளியைத் தொலைத்து 'செந்தில' என்று நிற்கிறார். போதாததற்குத் தேடலில் கௌரி சிலருக்குக் கிடைக்கிறார், சிலருக்கு இல்லவே இல்லை. இதற்கென்று ரெடிமேட் லைப்ரரி ஏதாவது இருக்கிறதா, நானே எழுத வேண்டுமா?

பதில் 1 (கடைசிபெஞ்ச்):
லைப்ரரி வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகள், புள்ளியும் உயிர்க்குறியும் அதில் தனித்தனி), நம் எழுத்துகளை அல்ல. 'தமிழ்' என்பதன் லெங்த் 5 என்று வரும், ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் கவுன்ட் கேட்டால் 3. ஜாவாஸ்கிரிப்டிலேயே உரையைத் துண்டாகப் பிரிக்கும் இன்டல்.செக்மென்டர் இருக்கிறது, கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று கொடுத்தால் 'கோ' முழுசாக வரும். குரோமில் 2020 முதலே உண்டு, ஃபயர்பாக்ஸ்தான் 2024 வரை இழுத்தடித்தது, அதனால் பழைய பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு மாற்று வழி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதை நீங்கள் செய்யவே செய்யாதீர்கள், பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோவிடம் விட்டுவிடுங்கள்.

பதில் 2 (புள்ளிமயங்கி):
மேலே சொன்னது சரி, ஆனால் ஸ்ரீதர் வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். யூனிகோட் விதிப்படி 'ஸ்' ஒரு துண்டு, 'ரீ' இன்னொரு துண்டு, ஆகவே வட்டத்தில் 'ஸ்' மட்டும் உட்காரும். 'க்ஷ'வுக்கும் இதே கதிதான். இந்த இரண்டையும் நீங்களே சேர்த்து ஒட்ட வேண்டும், நாலு வரி வேலை.

கௌரி விஷயம் வேறு. பலர் 'ௌ' குறியைத் தட்டாமல் ஒற்றைக்கொம்பு போட்டு 'ள' எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி நார்மலைஸ் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அதன் பார்வையில் அது நிஜமான 'ள'. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் 'வெள்ளை'யும் 'வெளி'யும் நாசமாகும். 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்றுங்கள், அதுவும் தேடலுக்கான தனி நெடுவரிசையில் மட்டும். உறுப்பினர் எழுதிக் கொடுத்த பெயரில் கைவைக்கக் கூடாது.

பதில் 3 (வண்ணத்தட்டு):
டிசைன் பக்கம் ஒன்று சொல்கிறேன். 'ம. கோபால்' என்று பதிந்தவருக்கு வட்டத்தில் வரப்போவது அப்பாவின் எழுத்து, அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஒரே 'ம'. புள்ளியோடு வரும் இனிஷியலைத் தாண்டிப் பெயரைப் பிடியுங்கள். சிலர் இனிஷியலைக் கடைசியில் போடுவார்கள், அங்கே தொல்லை இல்லை. அப்புறம் 'கௌ', 'சொ' எல்லாம் ஆங்கில 'கே' மாதிரி ஒடுக்கமாக நிற்காது. ஆங்கிலத்துக்கு அளந்த வட்டத்தில் போட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும், எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி 'கௌ'வை வைத்தே அளவு பாருங்கள்.

புதுநிரலி:
செக்மென்டர் வைத்தாயிற்று, மூன்று பேரும் பிரிந்துவிட்டார்கள். தேடலுக்குத் தனி நெடுவரிசை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 'எம்.கோபால்' என்று இடைவெளியே விடாமல் எழுதியவர்கள் பட்டியலில் ஏராளம், அதனால் இடைவெளியை நம்பாமல் புள்ளியை வைத்துத்தான் பிரிக்கிறேன். 'எம்.ஜி.கோபால்' மாதிரி இரண்டு இனிஷியல் வந்தால் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருவதை எடுத்தால் போதும்தானே?

புள்ளிமயங்கி:
போதும். 'கோபால் எம்.' என்று முடிந்தால் புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இருக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.