போகொட மரப்பாலத்துல மழைக்கு ஒதுங்கின அனுபவம் யாருக்காவது இருக்கா?

பதுளையில பிறந்து வளர்ந்தும் போகொட பாலத்தை முப்பது வயசுக்கு மேலதான் பார்த்தேன். அதுவும் மாமா நச்சரிச்சதால. அவர் தச்சு வேலை செஞ்சவர்.

ஹாலிஎல பக்கமா உள்ளே போய்ப் படியில இறங்கினா, மரங்களுக்கு நடுவுல ஓட்டு வீடு ஒண்ணு ஓடைக்குக் குறுக்க நிக்கிற மாதிரி இருக்கும். கிட்டப் போனாத்தான் பாலம்னு புரியும். கல்லந்த ஓயாவுக்கு மேல சுமார் 50 அடி நீளம், 6 அடி அகலம். பதுளைக்கும் கண்டிக்கும் நடந்து போன பழைய பாதை இது வழியாத்தான். 16ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. கூடவே தம்பதெனிய ராஜ்ஜியக் காலம்னும் சேர்த்துக்குவாங்க. தம்பதெனிய 13ஆம் நூற்றாண்டாச்சே, ரெண்டும் எப்படி ஒட்டும்? ஓடு என்னவோ கண்டிப் பாணிதான்.

மாமா வேடிக்கை எல்லாம் பார்க்கல. கைப்பிடி ஓரமா குந்தி, ரெண்டு மரம் சேர்ற ஒரு இணைப்பைக் காட்டினார். இரும்பே இல்லை, துளை போட்டு மர ஆணி இறக்கியிருக்காங்க. தடவிப் பார்த்தேன். ஆணித் தலை லேசா புடைச்சு, வழுவழுன்னு புளியங்கொட்டை மாதிரி இருந்துச்சு. பலா, மில்ல, கும்புக்னு மரங்களைச் சொல்லிக்கிட்டே வந்தார். கும்புக்னா நம்ம மருது. “ஆத்தோரத்து மரம்டா, ஈரம் அதுக்குப் பழக்கம்.” பாலத்தைத் தாங்குற பலாத் தண்டு மட்டும் 35 அடி.

அந்த நேரம் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு. கூரைத் தண்ணி ரெண்டு பக்கமும் நேரா ஓடைக்குள்ள ஊத்துது. சாரல்ல ஓரப் பலகை நனைஞ்சதோட சரி, நடுவுல ஒரு சொட்டு இல்லை.

“எல்லாரும் மர ஆணி, மர ஆணிங்கிறாங்க. கூரை இல்லாம இருந்தா இது எப்பவோ உளுத்துப் போயிருக்கும்”னார் மாமா. ஒரு மணி நேரம் அங்கேயே நின்னோம். அந்தக் காலத்துல சுமையோட வந்தவங்களும் இப்படித்தான் ஒதுங்கி நின்னிருப்பாங்க.

உங்க கதையையும் சொல்லுங்க.

—

அண்ணே, நாங்க எட்டாம் வகுப்புல போனோம். எல்லாரும் ஒண்ணா குதிச்சா பாலம் ஆடுதான்னு பார்க்கிறதுதான் திட்டம். முப்பது பேர் குதிச்சோம், அசையல. சத்தம் கேட்டுப் பக்கத்து விகாரையில இருந்து ஹாமுதுரு, அதான் பிக்கு, வந்தார். திட்டுவார்னு பார்த்தா, ஒண்ணும் பேசாம விளக்குமாறைக் கையில குடுத்தார். இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் கூட்டினோம். நீங்க சொன்ன 50 அடி எனக்கு இடுப்புல ஞாபகம் இருக்கு.