சுண்டுவிரல் மரத்துப்போகிறது: டூரிங் சைக்கிளுக்குப் பட்டர்ஃபிளை ஹேண்டில் மாற்றலாமா?

ஜெலுத்தோங் டீச்சர்:

வணக்கம். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது 43, உயரம் 157 செ.மீ. போன வருடம் பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள் ஒன்றை 1,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். விற்றவர் என்னைவிட ஒரு தலை உயரம். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த டிராப் ஹேண்டில், பிரேக்கோடு சேர்ந்த கியர் ஷிஃப்டர், பின்னால் 9 பல்சக்கரம், கேன்டிலீவர் பிரேக்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீவைச் சுற்றி வருவேன். பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங், அணைக்கட்டு ஏற்றம், அப்புறம் பாலேக் பூலாவ், தெலுக் கும்பார் வழியாக வீடு. 70 கிலோமீட்டர் சொச்சம். ஏற்றத்தில் ஒன்றுமில்லை. ஏறி முடிந்து தீத்தி கெராவாங்கிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும்போதுதான் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. பாலேக் பூலாவில் சாதிக்காய் ஜூஸ் கிளாசைப் பிடித்தால் அது வேறு யாரோ பிடித்திருப்பது போல இருக்கிறது. திங்கட்கிழமை வரை விடுவதில்லை. சிவப்புப் பேனாவைப் பிடித்து 32 கட்டுரைப் புத்தகம் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அடுத்த பள்ளி விடுமுறையில் தண்ணீர்மலையில் கும்பிட்டுவிட்டு, ஃபெரியில் சைக்கிளை ஏற்றி, பட்டர்வொர்த்திலிருந்து பத்துமலை வரை மிதிக்கலாம் என்று ஆசை. 350 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஐந்து நாள் வைத்திருக்கிறேன். இந்தக் கையோடு முடியாது.

வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி வளைந்த பட்டர்ஃபிளை ஹேண்டில் போட்டால் கையை நாலைந்து இடத்தில் மாற்றி வைக்கலாம் என்கிறார்கள். ஆன்லைனில் 85 வெள்ளிக்கு ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

மலையேறி ஈப்போ:

வாங்காதீங்க அக்கா. ஜோன்ஸ் ஹேண்டில் போடுங்க. 45 பாகை பின்னால் வளைந்து வரும், மணிக்கட்டு தன் இயல்பில் நிற்கும், முன்னால் ஒரு வளையம் இருப்பதால் காற்று அடித்தால் குனிந்துகொள்ளலாம். நான் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை 60 கிலோமீட்டர் ஏறியது அதில்தான். விலை மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

செந்தூல் ஃபிட்டர்:

டீச்சர், 85 வெள்ளியை இப்போதைக்குக் கைப்பையிலேயே வையுங்கள்.

நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹேண்டில் விஷயத்தில் மூன்று முறை காசைக் கரியாக்கியிருக்கிறேன், அதனால் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போலவே ஆசைப்பட்டு ஒரு பட்டர்ஃபிளை வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதன் நடுத்தண்டு 25.4 மி.மீ., ஹேண்டிலைச் சைக்கிளோடு கவ்வும் கழுத்துத் துண்டான என் ஸ்டெம்மின் வாய் 31.8. இரண்டுக்கும் நடுவில் போட முறையான வளையம் கடையில் கிடைக்கும். நானோ பெரிய ஃபிட்டராயிற்றே! குளிர்பான டின்னை வெட்டிச் சுற்றி முறுக்கிவிட்டேன். புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் ஹேண்டில் மொத்தமும் முன்பக்கம் சுழன்றது. லோரிக்காரர் ஒருவர் நிறுத்திப் புல்லுக்குள் இருந்து என்னைத் தூக்கிவிட்டார். முப்பது வருடம் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அளந்தவன் செய்த வேலை அது. ஆகவே எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வெர்னியர் காலிப்பரைக் கடன் வாங்கி நடுத்தண்டை அளந்துவிடுங்கள். 25.4, 26, 31.8 என்று மூன்று அளவு சாதாரணமாகப் புழங்குகிறது. 25.4க்கும் 26க்கும் இடையில் இருக்கும் அந்த அரை மி.மீட்டரைக் கண்ணால் பிடிக்க முடியாது.

இனி 85 வெள்ளிக் கணக்கு. பட்டர்ஃபிளையில் கை பிடிக்கும் குழாய் 22.2 மி.மீ., டிராப் ஹேண்டிலில் அது 23.8. உங்கள் பிரேக்-ஷிஃப்டர் இரண்டாவதற்காகச் செய்தது. பட்டர்ஃபிளையில் அது உட்காராது. அப்போது புதுப் பிரேக் லீவர் வேண்டும். மவுண்டன் பைக் லீவர் வாங்கினால் அது வி-பிரேக்குக்காக நிறையக் கேபிளை இழுக்கும். உங்களுடையது கேன்டிலீவர். கையில் கல் மாதிரி இறுக்கமாகத் தெரியும், சக்கரத்தை மட்டும் சரியாகக் கவ்வாது. அப்புறம் ஷிஃப்டர். பல்சக்கரம் 9 என்பதால் பின்னால் பிழைத்தீர்கள், மவுண்டன் ஷிஃப்டரும் ஒத்துப்போகும். முன்னால் சங்கிலியை நகர்த்தும் டெரெய்லர் ரோடு சைக்கிள் வகையாக இருந்தால் ஒத்துப்போகாது, கிளிக் இல்லாத உராய்வு வகைக் கட்டைவிரல் ஷிஃப்டர்தான் தேட வேண்டும். கேபிள், உறை, கூலி எல்லாம் சேர்த்தால் 85 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஈப்போத் தம்பி சொல்லும் ஜோன்ஸுக்கும் இதே கதைதான். அது நல்ல ஹேண்டில், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு சைக்கிள் கட்டுகிற மாதிரி.

இன்னொன்று. பட்டர்ஃபிளையில் கை வைக்க நாலைந்து இடம் உண்டுதான். அதில் ஒரே இடத்தில்தான் பிரேக் எட்டும். ஆளில்லாத சாலையில் பரவாயில்லை. பினாங்கில் இடதுபக்கமிருந்து மோட்டார் சைக்கிள் புகுந்து வரும்போது கை முன்வளைவில் இருந்தால் முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் கை. உங்களைவிட ஒரு தலை உயரமானவரின் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். இதைச் செய்து பாருங்கள்: சமதரையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் மிதிக்கும் நேரமெல்லாம் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், அதைத் தடுக்கும் வேலையை உள்ளங்கை செய்கிறது. அடுத்து ஸ்டெம் எவ்வளவு நீளம், ஹேண்டில் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதுங்கள்.

பட்டர்வொர்த் பிசியோ:

டீச்சர் எழுதியிருப்பது அல்நார் நரம்பு. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு குறுகிய பாதை வழியாக உள்ளங்கைக்குள் போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி அதன் வழியாகத்தான். கை விளிம்பில் பாரம் ஊன்றி, மணிக்கட்டையும் பின்னால் மடக்கி வைத்தால் நசுங்கும். நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு.

மரத்துப்போவது இரண்டொரு நாளில் தெளிந்தால் சைக்கிளைச் சரிசெய்வதே வைத்தியம். ஆனால் பலம் குறைந்தால், அதாவது விரல்களை விரிக்க முடியவில்லை, சாவி திருப்ப வரவில்லை, பித்தான் போட வரவில்லை என்றால் ஹேண்டில் பேச்சை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். திங்கள்கிழமையும் விடவில்லை என்கிறீர்கள், ஆகவே சரியாகும்வரை தீவு சுற்ற வேண்டாம்.

ஜெலுத்தோங் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பித்தான் போட முடிகிறது, சாவியும் திருப்ப முடிகிறது. இந்த வாரம் மிதிக்கவில்லை.

ஐயா கேட்ட அளவுகள். பக்கத்து வீட்டில் வீடு கட்டும் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்தேன். குமிழி ஓரத்துக்கே ஓடிவிட்டது, மூக்கு நன்றாகவே கீழே இருக்கிறது. முன்பு சீட் வலிக்கிறது என்று நானேதான் சாய்த்தேன்! ஸ்டெம் 110 மி.மீ., கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில் அகலம் 44 செ.மீ., நடுத்தண்டு 31.8.

பிரேக்கை எட்டிப் பிடிக்க விரல் நுனி மட்டும்தான் போகிறது என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

செந்தூல் ஃபிட்டர்:

விடை கிடைத்துவிட்டது. 157 செ.மீ. உயரத்துக்கு 44 அகலமும் 110 ஸ்டெம்மும் அண்ணன் சட்டையைத் தங்கை போட்டுக்கொண்ட மாதிரி.

சீட்டை மட்டமாக்குங்கள். வலி திரும்பினால் சீட்டைத்தான் மாற்ற வேண்டும், சாய்க்கக் கூடாது. பிறகு அதை 5 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். இடுப்பு பின்னால் போனால் கையில் பாரம் குறையும், முன்னால் குனிந்து நிற்கும் ஆள் பிட்டத்தைப் பின்னால் தள்ளித்தானே சமன் செய்கிறார். ஆனால் சீட் பின்னால் போனால் ஹேண்டிலும் அந்த அளவுக்குத் தூரமாகும், முட்டியின் இடமும் மாறும். அதனால் ஒரே நாளில் அதிகம் தள்ளாதீர்கள்.

ஸ்டெம் 80 வாங்குங்கள். 6 பாகைச் சாய்வுள்ளதைத் தலைகீழாகத் திருப்பி மேல்நோக்கிப் போட்டால் ஹேண்டில் ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரும். ஸ்டெம் குட்டையானால் ஹேண்டில் சற்றுத் துடிப்பாகத் திரும்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பிரேக் லீவரில் பெரும்பாலும் ஒரு சிறு திருகு இருக்கும், சிலவற்றில் ரப்பர் ஆப்பு வைப்பார்கள். லீவரை ஹேண்டில் பக்கம் நெருக்கிக்கொள்ள அதுதான். தீத்தி கெராவாங் இறக்கம் முழுவதும் விரல் நுனியால் பிரேக்கைக் கவ்வி, உள்ளங்கை விளிம்பை லீவரின் ரப்பர் மூடியில் அழுத்தியபடி இறங்கியிருக்கிறீர்கள். மரக்காமல் என்ன செய்யும்?

ஹேண்டிலின் மேல் சுற்றிய டேப்பை அவிழ்த்துவிட்டு, உள்ளங்கை படும் இடத்தில் ஜெல் துண்டு வைத்துப் புதிதாகச் சுற்றுங்கள். எத்தனை வருடப் பழைய டேப் அது?

ஜெலுத்தோங் டீச்சர்:

ஐயா, டேப்பை இன்று அவிழ்த்தேன். நாற்றம் தாங்கவில்லை. அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி, சுரண்டினால் உதிர்கிறது. வலதுபக்க வளைவில் சின்னச் சின்னக் குழிகள். பசை காய்ந்துபோய் இப்படி ஆகுமா?

செந்தூல் ஃபிட்டர்:

பசை இல்லை. அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள், கடைக்குக்கூட.

அது அலுமினியம் அரித்த பொடி. நம் ஊர் வெயிலில் மணிக்கணக்காகச் சொட்டும் வியர்வை உப்பு டேப்புக்குள் ஊறிக் காயாமல் கிடந்து உலோகத்தைத் தின்றிருக்கிறது. வெறும் வெள்ளைப் பூச்சாக இருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். குழி விழுந்துவிட்டால் பேச்சே இல்லை, அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஹேண்டில் முறியும்போது எச்சரிக்கை தராது. ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். அப்படியே கொடுத்தால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

எப்படியும் ஹேண்டில் வாங்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அதே டிராப் வகையில், 31.8 நடுத்தண்டு, 40 செ.மீ. அகலம், காம்பாக்ட் என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். அதில் வளைவு முன்னால் நீளும் தூரம் 70, 80 மி.மீட்டருக்குள் இருக்கும். பழைய பாணியில் இன்னும் தூரமாகப் போகும், உங்களுக்கு வேண்டாம். உங்கள் லீவர், ஷிஃப்டர் எல்லாம் அப்படியே ஏறும், கேபிளைக் கொஞ்சம் வெட்டினால் போதும். கீழ்ப்பகுதி வெளியே விரிந்த ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, இறக்கத்தில் அங்கே பிடித்தால் மணிக்கட்டு மடங்காது. ரப்பர் மூடி ஹேண்டிலின் மேல்வளைவோடு ஒரே மட்டமாக ஓட வேண்டும், நடுவில் பள்ளம் கூடாது. ஸ்டெம் திருகை அதில் அச்சடித்திருக்கும் அளவுக்கே முறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் இருக்கும்.

மலையேறி ஈப்போ:

அங்கிள், பின்னால் வளைந்த பழைய ராலே சைக்கிள் ஹேண்டில் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? அதுதான் சொகுசு என்கிறார்கள்.

செந்தூல் ஃபிட்டர்:

என் அப்பா தோட்டத்தில் ராலேதான் வைத்திருந்தார். பின்னால் அரிசி மூட்டை, முன்கம்பியில் நான். நிமிர்ந்து உட்கார்ந்து ராஜா மாதிரி போவார், கை மரத்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை. தம்பி, அவர் போனது 6 கிலோமீட்டர். நிமிர்ந்தால் கையின் பாரம் முழுவதும் சீட்டுக்குப் போகும், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் அதற்காகத்தான். சபாக் பெர்ணாம் பக்கம் எதிர்காற்றில் அதை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து பேசு. பத்து வெள்ளி பந்தயம்.

ஜெலுத்தோங் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 40 அகல காம்பாக்ட் ஹேண்டில், 80 ஸ்டெம், டேப், ஜெல், கூலி எல்லாம் சேர்த்து 240 வெள்ளி ஆனது. பழையதை என் மகன் ரம்பத்தால் அறுத்தான், குழி இருந்த இடத்தில் உள்ளே பாதிக் கனம்தான் மிச்சம்.

நேற்று மெதுவாகத் தீவைச் சுற்றினேன். பாலேக் பூலாவில் ஜூஸ் கிளாஸ் என் கையில்தான் இருந்தது. தெலுக் கும்பார் தாண்டி சுண்டுவிரல் லேசாகச் சுருசுருவென்றது, ஹேண்டிலின் மேல்பகுதிக்குக் கையை மாற்றியதும் போய்விட்டது. இன்று புத்தகம் திருத்திவிட்டேன். நாலாவது நாளும் கை இப்படியே இருக்குமா தெரியவில்லை, அதனால் முதலில் தைப்பிங் வரை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ரயிலில் திரும்பலாமா என்று யோசிக்கிறேன்.

செந்தூல் ஃபிட்டர்:

போங்கள். தைப்பிங் என்றால் மழைக்கோட்டு மேல் பையில் இருக்கட்டும், அடியில் வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஹேண்டிலை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து வையுங்கள்.