உதவி: 10 கி.மீ. பாதை, வாட்ச்சுல சரி, சைக்கிள்ல 130 மீட்டர் குறையுது

கடைசிச்சுற்று: அவசரம். ஓட்டத்துக்கு மூணே வாரம் இருக்கு. ஜிபிஎஸ் வாட்ச்சுல சரியா 10.00 வந்த பாதை. நேத்து நண்பர் சைக்கிள்ல ஜோன்ஸ் கவுண்டர் (சக்கரம் சுத்துறதை எண்ணுற கருவி) மாட்டி அளந்தா 9.87தான் வருது. எதை நம்புறது? சான்றிதழும் வாங்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

சக்கரத்தடம்: அளவு தெரிஞ்ச தூரத்துல சைக்கிளை எங்க, எத்தனை தடவை ஓட்டிச் சரிபார்த்தீங்க? சுற்றுப்பாதையா, போய்த் திரும்புறதா? காலையிலயா மதியமா? ஒண்ணுமே சொல்லலையே.

ரப்பர்ராஜா: டயர்தான். காலைக் குளிர்ல சரிபார்த்துட்டு வெயில்ல அளந்திருப்பாங்க. சூட்டுல டயர் உப்பும், அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாச் சுத்தும், கணக்கும் குறைஞ்சு வரும். எனக்கு இப்படி ஆனதுக்கப்புறம் காத்தே இல்லாத கெட்டி டயருக்கு மாறிட்டேன்.

அளவுகோல்: திசை சரி, அளவு தவறு. வெயிலால் 10 கி.மீ.க்குச் சில மீட்டர் மாறலாம், 130 மாறாது. இதையெல்லாம் பலமுறை எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். மறுபடியும் சொல்கிறேன். எஃகு டேப்பால் அளந்த, 300 மீட்டருக்குக் குறையாத நேர்ச்சாலையில் அளவீட்டுக்கு முன் 4 முறை, பின் 4 முறை சைக்கிளை ஓட்டி, ஒரு கி.மீ.க்குக் கவுண்டரில் எத்தனை எண்ணிக்கை வருகிறது என்று கணக்கிட வேண்டும். டேப் 20 டிகிரி செல்சியஸுக்கானது, வெப்பத்துக்குத் திருத்தம் போட வேண்டும். பாதையில், ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகக் குறுகிய கோட்டில், வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போக வேண்டும்.

வேகநடை: நாலஞ்சு பேர் வாட்ச் கட்டி ஓடி சராசரி எடுத்தா போதாதா?

சக்கரத்தடம்: போதாது. வாட்ச் பதியுற புள்ளி ஒவ்வொண்ணும் கொஞ்சம் அங்க இங்க தள்ளி விழும். அதைச் சேர்த்தா கோடு நெளியும், நீளம் கூடும். ஓடுறவங்களும் வளைவுல குறுகிய கோட்டைப் பிடிக்க மாட்டாங்க. ஒரு முழு வட்டத்தை 1 மீட்டர் வெளியே ஓடினாலே 6 மீட்டருக்கு மேல கூடிடும். எல்லார் வாட்ச்சும் ஒரே பக்கம் சாயும்போது சராசரியும் அந்தப் பக்கம்தான் சாயும்.

மழைநாள்: கடைசிச்சுற்று, ஒண்ணு கேக்கணும். போட்டி அன்னைக்கு ரோடு முழுசும் உங்களுக்கா, இல்ல ஒரு பக்கம் மட்டுமா?

அளவுகோல்: நல்ல கேள்வி. இன்னொன்று, ஒரு கி.மீ.க்கான அந்த எண்ணிக்கையை 1.001-ஆல் பெருக்கிப் பாதையை நீட்டும் விதியை யாருமே சொல்லவில்லை. 10 கி.மீ.க்கு 10 மீட்டர், மாரத்தானுக்கு 42 மீட்டர்.

வேகநடை: அதுதான் எனக்குப் பிடிக்காதது. 10 கி.மீ.னு பேர் வெச்சுட்டு 10.01 ஓட விடுறது நியாயமா? சில செகண்டுல சொந்த சாதனை போகுது.

ரப்பர்ராஜா: போகட்டும்னு சொல்லல, ஆனா பாதை குறைஞ்சா எல்லார் நேரமும் செல்லாமப் போகும். 1981 நியூயார்க் மாரத்தான்ல ஆல்பெர்டோ சலசார் ஓடின 2:08:13 உலக சாதனைன்னு அறிவிச்சாங்க. பின்னாடி அளந்தா பாதை சுமார் 150 மீட்டர் கம்மி. 10 மீட்டர் கூட ஓடுறது அதைவிட மேல்.

வேகநடை: கவனமா அளக்குறவருக்கு இவ்வளவு கூட்டல் எதுக்குன்னுதான் கேக்குறேன். 5 மீட்டர் போதாதா?

அளவுகோல்: ஒரே நாளில் இரண்டு தேர்ந்தவர்கள் அளந்தாலே சில மீட்டர் வித்தியாசம் வரும். யார் மறுபடி அளந்தாலும் குறையக் கூடாது. அதற்குத்தான் அந்தக் கூடுதல் 10 மீட்டர்.

கடைசிச்சுற்று: மன்னிக்கணும், வேலை. இடது பக்கம் மட்டும்தான் எங்களுக்கு. நண்பர் ரோட்டோட முழு அகலத்தையும் வெட்டி ஓட்டியிருக்கார்! போய்த் திரும்புற பாதை, வழியெல்லாம் வளைவு. நடுவுல கோன் வெச்சு மறுபடி அளந்தோம், 9.94 வந்துச்சு. அந்த 1.001 சேர்க்கல.

மழைநாள்: அப்போ 10.01 வேணும், 70 மீட்டர் குறையுது. போய்த் திரும்புறதால திரும்புற இடத்தை 35 மீட்டர் தள்ளினா போதும், 70 தள்ளிடாதீங்க. போட்டி அன்னைக்கு அந்த நடுக்கோடு முழுக்கக் கோன் இருக்கணும். எங்கயாவது விட்டா ஜனம் வெட்டிடும், உங்க அளவு வீண்.

அளவுகோல்: சான்றிதழ் இதற்குக் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற அளவீட்டாளர் வந்து அளக்க வேண்டும். உலகத் தடகள அமைப்பின் சான்றிதழ் என்றால் ஏ அல்லது பி தரத்தவர். பாதை மாறாமல் இருந்தால் 5 ஆண்டு செல்லும். தொடக்கம், முடிவு, திரும்பும் இடம் மூன்றிலும் தரையில் ஆணி அடித்து, அசையாத பொருளிலிருந்து தூரம் குறித்து, வரைபடம் தயாராக வையுங்கள். மூன்று வாரம் குறைவு, இன்றே கேளுங்கள்.

கடைசிச்சுற்று: கேட்டாச்சு, அடுத்த ஞாயிறு வர்றார். ரொம்ப நன்றி மழைநாள்.

சக்கரத்தடம்: நல்லது. ரெண்டாவது தடவை அளந்தப்புறம் சைக்கிளைத் திரும்பச் சரிபார்த்தீங்களா? அந்த 35 அதுலயும் மாறும்.

சக்கரத்தடம்: கடைசிச்சுற்று?