பூம் போலில் 400 கிலோ என்ஜினைத் தூக்கலாமா?

கேள்வி: என் டிராக்டரின் லிஃப்ட் திறன் 1,200 கிலோ. பின்னால் பூம் போல் (பாரம் தொங்கவிடும் நீண்ட இரும்புக் கம்பம்) மாட்டி, 400 கிலோ டீசல் என்ஜின் ஒன்றை ஷெட்டுக்குள் நகர்த்த வேண்டும். மூன்றில் ஒரு பங்குதானே, தாங்காதா?

பதில் 1: அந்த 1,200 எங்கே அளந்தது என்று கையேட்டில் பாருங்கள். லோயர் லிங்க் (டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் கீழ்க் கைகள்) நுனியிலோ, அதற்கு 610 மி.மீ. பின்னாலோதான் இருக்கும். கம்பத்தின் முனையில் அவ்வளவு கிடைக்காது. சரி, தூக்கிவிட்டது என்றே வையுங்கள். பின் அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் 400 கிலோ தொங்கினால், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரம்) 2 மீட்டர் என்றால், முன் அச்சின் மேலுள்ள பாரத்தில் 600 கிலோ போய்விடும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன்? முன்னால் வெயிட் மாட்டுங்கள், கொக்கியை டிராக்டர் பக்கமாக இழுத்துப் போடுங்கள்.

பதில் 2: டாப் லிங்கில் (மேல் இணைப்புத் தண்டில்) கிடைத்த போல்ட்டைச் சொருகாதீர்கள், அதற்கான சரியான லிங்க் பின்னைப் போடுங்கள். என்ஜினைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கினால் போதும்.

கேட்டவர்: முன் வெயிட் என்னிடம் இல்லை. செயின் பிளாக் (கையால் இழுத்துப் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.