ஸ்ப்ராலர்: தட்டான் இளவுயிரிக்குத் தமிழ்ச்சொல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
தமிழ்வழி வகுப்புக்கான களப்பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீருக்குள் வாழும் தட்டான் இளவுயிரிகளை (லார்வா) இருப்பிடமும் உடலமைப்பும் பார்த்துப் பிரித்திருக்கிறோம். மணலுக்குள் புதைபவைக்கு ஆப்பு போன்ற தலை, குட்டையான தடித்த உணர்கொம்பு, தோண்டும் முன்கால்; பெயர் 'புதையி'. நீர்ச்செடித் தண்டைப் பிடித்திருப்பவை நீண்டு ஒடுங்கிய, வழவழப்பான உடல்காரர்கள், பெயர் 'பற்றி'. சேற்றின்மேல் நீண்ட கால்களைப் பரப்பிக் கிடக்கும் ஸ்ப்ராலருக்குத்தான் சொல் அமையவில்லை. 'படரி' சரியா?

வேலந்தாவளத்திலிருந்து:
டீச்சர், படர்வது கொடி. குறளில் படர் துன்பம். 'படர்மெலிந்திரங்கல்' என்றே ஓர் அதிகாரம். 'பற்றி' இன்னும் மோசம். "பற்றி பற்றி எழுதுக" என்று கேட்டால் பிள்ளை எதை எழுதும்? இளவுயிரியையும் மாற்றுங்கள். குடம்பையிலிருந்து பிறந்த 'குடம்பி' இருக்கிறதே!

மீனாட்சிபுரத்திலிருந்து:
ஐயா, குறளில் வரும் குடம்பைக்கு உரைகாரர் பரிமேலழகர் சொல்வது முட்டை. புள் பறந்தபின் தனித்துக் கிடப்பது அது. தட்டான் கழற்றிவிட்டுப் போகும் வெற்றுத்தோலுக்கு வேண்டுமானால் பொருந்தும். அது நிற்க.

வடிவத்தால் பெயரிடாதீர்கள், புதைவதிலும் தட்டை உண்டு. வெறும் வெள்ளைத் தட்டில் விட்டால் புதையியும் ஸ்ப்ராலரும் ஒன்றுபோலத் தவழும், பிள்ளைகள் குழம்புவது அங்கேதான். அடியில் 3 செ.மீ. நைஸ் மணல், மேலே கொஞ்சம் குளத்து நீர் விட்டுப் பாருங்கள். ஒன்று தலையை நுழைத்து இறங்கிவிடும்; வால்நுனி மட்டும் மணலுக்கு மேலே நிற்கும். மலக்குடலுக்குள் நீரை இழுத்துத்தான் அதற்கு மூச்சு. மற்றது மேலேயே கிடக்கும். அகட்டிய கால்கள் சேற்றில் அமிழாமல் தாங்கும், உடல்மயிரில் வண்டல் அப்பி ஆளே தெரியாது. ஆகவே 'கிடப்பி'.

கோவிந்தாபுரத்திலிருந்து:
மலையாளம் பேசும் இந்தப் பக்கம் கிடப்பு என்றாலே 'கிடப்பு ரோகி', அதாவது படுத்த படுக்கையான நோயாளிதான்! ஸ்ப்ராலரையே வையுங்கள், யாருக்கும் வாய் கோணாது. தட்டானையும் தும்பி ஆக்கினால் மலையாள வகுப்புக்கும் புரியும்.

வேலந்தாவளத்திலிருந்து:
குறுந்தொகைத் தும்பி தேன் தேடும் வண்டு. தட்டான் கொசு தின்பது. இரண்டையும் கலக்க வேண்டாம். விகுதி ஒன்றாக இருக்கட்டும்: புதைவான், பற்றுவான், கிடப்பான்.

மீனாட்சிபுரத்திலிருந்து:
'கிடப்பான்' வசவு மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரி, வியாழன் இரவாகிவிட்டது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வேலந்தாவளத்தார் சொன்ன மூன்றையுமே அனுப்புகிறேன். கிடப்பானுக்குப் பக்கத்தில் ஸ்ப்ராலரும் இருக்கும். இளவுயிரி, தட்டான் அப்படியே.

கோவிந்தாபுரத்திலிருந்து:
என் எதிர்ப்பு பதிவாகட்டும். புதைவான் குடும்பத்திலேயே சருகுபோல் தட்டையாகி இலைக்குப்பைக்குள் ஒளிபவை உண்டு. அவை மணலைத் தோண்டுவதுமில்லை, வெளியே கிடப்பதுமில்லை. பிள்ளைகள் அதைப் பிடித்து வந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?