விமானத்தின் வால் சக்கரம் பயங்கரமாக ஆடுகிறது, எதை வாங்கலாம்?

வெண்மேகம்
வணக்கம். இறங்கி ஓடும்போது வால் சக்கரம் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. வால் முழுக்க அதிர்கிறது, ரட்டர் (வாலில் திசை திருப்பும் பலகை) மிதி காலை உதறுகிறது. பழசைக் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்றிருக்கிறேன். எது நல்லது? கொஞ்சம் அவசரம்.

நட்டு_போல்ட்டு
எந்த விமானம்? இப்போது இருக்கும் சக்கரம் என்ன மாடல்? ஆட்டம் தார் ஓடுபாதையிலா, புல்லிலா?

காற்றாடி
டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது? அதை முதலில் பாருங்கள். காற்று இறங்கிய டயர்தான் இப்படிப் படுத்தும்.

பழையவிமானி
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் படித்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும். தம்பி, வால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை தொய்ந்திருந்தால் எந்தப் புதுச் சக்கரத்தை மாட்டினாலும் அதுவும் ஆடத்தான் செய்யும். காசுதான் போகும்.

வெண்மேகம்
செஸ்னா 170. ஸ்காட் 3200. தாரில்தான் ஆட்டம், புல்லில் அவ்வளவாக இல்லை. காற்று சரியாக இருக்கிறது.

நட்டு_போல்ட்டு
நன்றி, இப்போது பேசலாம். பழையவிமானி சார் சொன்னதுதான் என் சந்தேகமும். வழக்கமாக ஏற்றும் எரிபொருள், ஆள் எல்லாம் ஏற்றிவிட்டு, சமதரையில் பக்கவாட்டில் நின்று சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சைப் பாருங்கள். அது செங்குத்தாகவோ, மேல்முனை லேசாகப் பின்பக்கம் சாய்ந்தோ இருக்க வேண்டும். மேல்முனை முன்னால் சாய்ந்திருந்தால் பட்டை தட்டையாகிவிட்டது என்று பொருள். வெறும் விமானத்தில் பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், நம்பாதீர்கள்.

அப்புறம் வாலைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். பேரிங், புஷ், பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டு, எதில் தளர்வு இருந்தாலும் கையிலேயே தெரியும். உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகள் தேய்ந்திருந்தால் ஆட்டத்தை அடக்க ஒன்றும் இருக்காது. ஸ்டீயரிங் சங்கிலி தொங்கக் கூடாது, விறைத்தும் நிற்கக் கூடாது.

காற்றாடி
எனக்கென்னவோ திடரப்பர் சக்கரத்துக்கு மாறினால் பஞ்சர் தொல்லையாவது ஒழியும்.

நட்டு_போல்ட்டு
பஞ்சர் ஒழியும், சரி. ஆனால் ஒவ்வொரு அடியும் நேராகப் பட்டைக்கும் விமானத்தின் உடலுக்கும் போகும். அவர் கேட்டது ஆட்டத்தைப் பற்றி.

தரைவழி
சரிசெய்யும்வரை, ஆடத் தொடங்கினால் யோக்கை (விமானியின் கைப்பிடி) முன்னே விடுங்கள். வாலில் பாரம் குறைந்ததும் நின்றுவிடும்.

பழையவிமானி
இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? வேகம் குறைந்தபின் வாலை லேசாக்கினால் திசையைப் பிடிக்க எது இருக்கிறது? யோக் வயிற்றோடு இருக்க வேண்டும்.

தரைவழி
வேகம் இருக்கும்போது ரட்டர் வேலை செய்யும் சார். நான் சொன்னது அந்த நேரத்துக்கு. பாரத்தை ஏற்றினால் தொய்ந்த பட்டை இன்னும் தட்டையாகும், ஆட்டமும் கூடும்.

பழையவிமானி
பக்கக்காற்று அடிக்கும்போது இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

நட்டு_போல்ட்டு
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். வெண்மேகம், ஆட்டத்தோடு பறந்துகொண்டே இருக்காதீர்கள். பட்டையில் விரிசல் விழும், பிராக்கெட்டும் உடையும். பட்டை மாற்றினால் அந்த விமானத்துக்கு அனுமதி பெற்றதையே போட்டு, மெக்கானிக்கிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

மழைமுகில்
திரும்பாமல் நேராக நிறுத்திவைக்கும் பூட்டு வைத்த வால் சக்கரம் இதற்கு உதவுமா?

நட்டு_போல்ட்டு
ஓடுபாதையில் நேராக ஓட உதவும். ஆனால் அச்சு முன்னால் சாய்ந்திருப்பதை அது சரிசெய்யாது. வாலில் கூடும் சின்ன எடைகூட எடைமையத்தைப் பின்னே தள்ளும், கணக்குப் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

வெண்மேகம்
ஆள் ஏற்றிப் பார்த்தோம். மேல்முனை முன்னால்தான் சாய்ந்திருக்கிறது. பட்டைக்குச் சொல்லியாயிற்று, சக்கரம் அதே ஸ்காட். நன்றி.